எதிலெல்லாம் கோதுமை

1

போன திங்கட்கிழமை ரேஷன் கடைக்குப் போனேன். கடைக்காரர் தராசுத் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சாவல் கதம். கப்பல் வர்ற வரைக்கும் கேஹூதான்" என்றார். அரிசி தீர்ந்துவிட்டது, இனிக் கோதுமைதான் என்று அர்த்தம். அந்தமானில் எங்கள் பேச்சு இப்படித்தான். பாதி இந்தி, மீதி அவரவர் வீட்டுப் பாஷை.

மெட்ராஸிலிருந்து வர வேண்டிய கப்பல் புயல் எச்சரிக்கையில் அங்கேயே நிற்கிறதாம். வரிசையில் நின்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். பின்னால் நின்ற தெலுங்கு அம்மா, சப்பாத்தி தேய்த்துத் தேய்த்துத் தன் கை மரத்துப்போனது என்று சொல்லிச் சிரித்தாள். எல்லோரும் பையை நீட்டிக் கோதுமையை வாங்கிக்கொண்டு போனார்கள். வீட்டுப் பானையில் எத்தனை ஆழாக்கு அரிசி மிச்சம் என்று என் மனசு மட்டும் கணக்குப் போட ஆரம்பித்தது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விளங்காது. கோதுமையைப் பார்த்து ஒருத்தி பயப்படுவாளா என்பீர்கள். நான் பயப்படுகிறேன். பதினோரு வருஷமாகப் பயப்படுகிறேன். ஏன் என்று ஒருமுறை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உங்கள் தெருவில் எந்தக் குழந்தையாவது தின்னத் தின்ன இளைத்துக்கொண்டே போனால், இதைப் படித்தது நினைவுக்கு வரட்டும்.

2

கல்யாணமான மறுவருஷம், ஐம்பதுகளின் கடைசியில், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தோம். என் வீட்டுக்காரர் செல்லையாவுக்குச் சாத்தம் மரமில்லில் வேலை. கடலில் மிதந்து வரும் தடிகளை அளந்து நம்பர் போடுவது. காலையில் சங்கு ஊதினால் போவார், சாயங்காலம் ஊதினால் உடம்பெல்லாம் மரத்தூளோடு வருவார். சாத்தம் ஒரு சின்னத் தீவு. ஒரு பாலத்தைத் தாண்டினால் போர்ட் பிளேர்.

முதலில் ஒரு பையன் பிறந்தான். சண்முகம். பால் குடிக்கும் வரைக்கும் கொழுகொழுவென்று இருந்தான். அப்புறம் வயிற்றுப்போக்கு வந்தது, நிற்கவே இல்லை. ஒன்றே முக்கால் வயதில் போய்விட்டான். தீவுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

அடுத்து வள்ளி பிறந்தாள். எட்டாம் மாதம் கஞ்சி கொடுக்க ஆரம்பித்தேன். அப்போது அரிசி பாதி, கோதுமை பாதி என்று ரேஷன். அரிசியைவிட அதில்தான் சத்து அதிகம், அது பிள்ளைக்குப் போகட்டும் என்று, கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து பாலெடுத்து, வடிகட்டிக் காய்ச்சி ஊட்டினேன். அவ்வளவு பக்குவமாகச் செய்வேன்.

பத்தாம் மாதம் அவள் வயிறு உப்பியது. கையும் காலும் ஈர்க்குச்சி ஆயின. மலம் வெளுத்து, நாற்றமெடுத்து, ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை போனது. தலைமுடி செம்பட்டை பாய்ந்தது. எந்நேரமும் சிணுங்கினாள். குளிப்பாட்டும்போது அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். சண்முகத்தின் வயிறும் இப்படித்தான் தம்பூராக் குடம் மாதிரி இருந்தது.

நான் வாய் திறந்து சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கிறது. அதுவரை வேலை விட்டு வந்ததும் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்பவர், நேரே குளிக்கப் போக ஆரம்பித்தார். "பிள்ளையக் கொஞ்சம் தூக்குங்களேன்" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேண்டாம் லட்சுமி. பழகிட்டா அப்புறம் கஷ்டம்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கம்பக்கத்தார் நல்லவர்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். பார்லித் தண்ணி கொடு, வயிறு கட்டும் என்றாள் ஒருத்தி. டப்பா பார்லி வாங்கிக் காய்ச்சிக் கொடுத்தேன். ரவைக் கஞ்சி லேசாகச் செரிக்கும் என்றாள் இன்னொருத்தி. அதையும் கொடுத்தேன். எவ்வளவுக்கெவ்வளவு கவனித்தேனோ அவ்வளவுக்கவ்வளவு அவள் இளைத்தாள்.

3

அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரிக்கு மலையாளத்து டாக்டரம்மா ஒருவர் புதிதாக வந்திருந்தார். முப்பது வயதுதான் இருக்கும். வள்ளியைப் படுக்கவைத்து வயிற்றைத் தட்டிப் பார்த்தார். தொடையில் தொங்கிய தோலை இரண்டு விரலால் பிடித்து விட்டார். அவசரமே படவில்லை. பிறகு யாரும் கேட்காத கேள்வி ஒன்றைக் கேட்டார்.

"குழந்தை எப்பயெங்கிலும் நல்லா இருந்திட்டுண்டா?"

எப்போதாவது நன்றாக இருந்தாளா என்று யோசித்தேன். வடக்கே, நடு அந்தமானில் இருக்கிற ரங்கத்தில் நன்றாக இருந்தாள். அந்த மழைக்கு முன்னால் வீட்டுக்காரரை நாலு மாசம் ரங்கத்துக்கு அனுப்பியிருந்தார்கள், காட்டுத் தடிகளை அங்கேயே அளக்க. நாங்களும் கூடப் போனோம். அங்கே போய்த்தான் வள்ளி எழுந்து நின்றாள், நடந்தாள், சிரித்தாள். சாத்தத்துக்குத் திரும்பிய மூன்றாவது வாரம் மறுபடி படுத்துவிட்டாள். இந்த வீட்டில்தான் ஏதோ இருக்கிறது, சண்முகத்தைக் கொண்டுபோனது இவளையும் விடாது என்று நான் வாசலில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தேன். வெட்கத்தை விட்டு அதையும் சொன்னேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ரங்கத்தில் எந்து சாப்பிட்டீங்க?"

"அங்க குடியேறின பெங்காலிக நெல்லு போடுறாவ டாக்டரம்மா. அவங்ககிட்ட வாங்கி மூணு வேளையும் அரிசிதான். ரேஷன் அந்தப் பக்கம் சரியா வராது."

"கோதுமை?"

"கோதுமை இல்ல."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து, தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார். கோதுமை மாவைப் பிசைந்தால் ரப்பர் மாதிரி இழுக்கிறதே, அதற்குள் ஒரு பசை இருக்கிறது. குளூட்டன் என்று பேர். சில குழந்தைகளின் குடலுக்கு அது விஷம். குடலின் உள்பக்கம் தேய்ந்துபோய், எதைத் தின்றாலும் ஒட்டாது. பார்லியிலும் அதுபோல ஒன்று உண்டு. "புஸ்தகத்தில் படிச்சிருக்கேன். ஒரு குழந்தையைக் கண்ணால பாக்குறது இதான் முதல்" என்றார்.

"மருந்து?"

"மருந்து இல்ல. நிறுத்தணும்."

"எத்தன நாளைக்கு?"

"ஆயுசு முழுக்க. ஒரு துண்டு, ஒரு பொட்டு கூடாது."

நான் வள்ளியைத் தூக்கிக்கொண்டு கதவு வரைக்கும் போனேன். திரும்பி, "எனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான் டாக்டரம்மா. அவனுக்கும் இதே வயிறு. அவனுக்கும் நாந்தான் கோதுமைப்பால்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னை முடிக்கவிடவில்லை. "எனக்கு அது தெரியாது. அந்தக் குழந்தையை நான் பார்த்ததில்லல்லோ" என்றார். ஆனால் அவர் கண் என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

4

கோதுமையை நிறுத்துவது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். கோதுமை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே நிறுத்துவதற்கு!

முதல் வாரம் முழுக்க வள்ளிக்கு ரவை உப்புமா கொடுத்தேன். சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் ரவை என்றால் ரவை. இங்கே கடையில் சூஜி என்பார்கள். அது ஏதோ தனித் தானியம் என்றே நினைத்திருந்தேன். போர்ட் பிளேர் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த மீரான் பாய்தான் சொன்னார். கீழக்கரைக்காரர், எங்களுக்கு ஒரு சொந்தக்காரர் மாதிரி. "தங்கச்சி, கோதுமைய ஒடச்சா ரவ, இழைச்சா மைதா, பிழிஞ்சா சேமியா. எல்லாம் ஒரு தாய் வயித்துப் பிள்ளைகதான்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அந்த வாரம் ஊட்டிய உப்புமாவை வேளை வேளையாக எண்ணினேன்.

அவர் கடையில் ஒவ்வொரு மூட்டையாகக் கையை விட்டுக் கேட்டேன். இது எதிலிருந்து வருகிறது? இதில் என்ன கலக்கிறார்கள்? பார்லி டப்பாவைக் காட்டினேன். "இதுவா? இதுக்குத் தமிழ்ல வாற்கோதுமைன்னு பேரு" என்றார். தமிழ்ப் பேரை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்தத் தண்ணீரைக் கொடுத்திருப்பேனா என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

அரிசி, கேழ்வரகு, சோளம், பருப்பு வகைகள், உருளை, மரவள்ளி, அதிலிருந்து வரும் ஜவ்வரிசி, வாழைக்காய், தேங்காய், மீன், முட்டை எல்லாம் ஆகும். ரொட்டி, பிஸ்கட், பரோட்டா, பூரி, சேமியா, ரவா லட்டு எதுவும் ஆகாது. போண்டா, பஜ்ஜி கேட்டால்தான் தெரியும், கடைக்குக் கடை மாவு மாறும். ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். ஒவ்வொன்றையும் டாக்டரம்மாவிடம் காட்டி அவர் தலையாட்டிய பிறகுதான் அடுப்பேற்றினேன்.

ரேஷன் கார்டில் எங்கள் பங்குக் கோதுமைக்குப் பதில் அரிசியே வேண்டும் என்று எழுதிக் கொடுக்க ஓர் ஆபீசுக்கு அலைந்தேன். முதல் நாள் சர்ட்டிபிகேட் இல்லை என்றார்கள். இரண்டாம் நாள் சர்ட்டிபிகேட்டில் சீல் இல்லை. மூன்றாம் நாள், இந்தக் காகிதத்தில் வியாதியின் பெயர் புரியவில்லை, வாயால் சொல் என்றார் குமாஸ்தா. எனக்குத் தெரிந்த இந்தியைத் திரட்டிச் சத்தமாகச் சொன்னேன்: "மேரி பேட்டி கேஹூ நஹி ஹே."

ஆபீசே சிரித்தது. 'என் மகள் கோதுமை இல்லை' என்று சொல்லியிருக்கிறேன். குமாஸ்தாவும் சிரித்துக்கொண்டே, "சரி தாயே, கோதுமை இல்லைதான், சாவலா?" என்றார். இடுப்பில் இருந்த குழந்தையைச் சுற்றியிருந்த புடவைத் துணியை விலக்கி அவள் வயிற்றைக் காட்டினேன். சிரிப்பு நின்றது. அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆனால் கப்பல் வந்தால்தானே அரிசி. கையெழுத்தைச் சமைக்க முடியாது.

5

ஒரு மாதத்தில் வள்ளி கொஞ்சம் தேறினாள். எடை ஏறியது. பிறகு நின்றுவிட்டது. மறுபடி வயிறு ஊதியது.

"யாரோ கொடுக்குந்நுண்டு" என்றார் டாக்டரம்மா கோபமாக. யாரோ கொடுக்கிறார்கள். வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் சட்டைப் பையைத் துவைக்கும்போது பிஸ்கட் தூள் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தேன். அவர் நான் பிள்ளைக்கு ஊட்டும்போது பக்கத்தில் வந்து நின்று தட்டைப் பார்த்தார். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்: "அழுகைய நிறுத்தணும்னு எதையாவது கொடுக்கியா நீ?"

"நானா? உங்க பையில இருக்கிற தூளு எது? மரத்தூளா, ரொட்டித் தூளா?"

"ஒரு பிள்ளையக் கொண்டுபோனது பத்தாதா உனக்கு?"

சொன்னவர் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் வள்ளிக்கு ரசம் சாதம்தான் கொடுத்தேன். அரிசி, புளி, மிளகு, சீரகம். அதில் என்ன வந்துவிடப் போகிறது? அவள் இன்னும் மோசமானாள்.

நாலாம் நாள் தனியாகப் பாலத்தைத் தாண்டிப் பஜாருக்குப் போனேன். மீரான் பாய் கல்லில் வைத்துப் பெருங்காயக் கட்டியைச் சுத்தியால் உடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளையாகத் தூள் பறந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

"பாய், பெருங்காயம் மரத்துப் பால்தானே? இது எப்படி இவ்வளவு வெளுப்பா மாவு மாதிரி உதிருது?"

"பச்சைப் பாலு யாரால தாங்க முடியும் தங்கச்சி? காரம் தாங்காது. கட்டி பிடிக்கணுமில்ல. மாவு சேத்துத்தான் பிசைவாங்க."

"என்ன மாவு?"

சுத்தி அந்தரத்தில் நின்றது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "யா அல்லா" என்று கல்லை விட்டு எழுந்தார். "மைதா, தங்கச்சி. கோதுமை மைதா. எனக்குத் தோணவே இல்லையே!"

அந்த ஆளை எப்படிக் குறை சொல்வது? கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவர். பெருங்காயத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. யார் கேட்பார்கள்? பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று நான்தான் ரசத்தில் ஒரு சிட்டிகை கூடவே போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பெருங்காய டப்பாவைக் கடலில் வீசினேன். அந்த டப்பாவைத் தொட்ட கரண்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். பெருங்காயம் போட்ட அப்பளக் கட்டு, ஊரிலிருந்து என் அம்மா அனுப்பிய சாம்பார்ப் பொடி, ஊறுகாய் எல்லாம் போயின. சங்கு ஊதி அவர் வந்தபோது அடுப்படி காலியாக இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போனார். வள்ளியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். குளிக்காமல், மரத்தூளோடு, அப்படியே விடியும் வரைக்கும் வைத்துக்கொண்டிருந்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு மாதத்தில் வள்ளியின் முடி கறுத்தது. அடுத்த மழையில் அவள் ஓடினாள்.

6

இப்போது வள்ளிக்குப் பதின்மூன்று வயது. டாக்டரம்மா மாற்றலாகிப் போய் வெகுகாலம் ஆகிறது. வள்ளி பேசுவது இந்தி, நினைப்பதும் இந்தியில்தான் என்று நினைக்கிறேன். என்னிடம் மட்டும் போனால் போகிறது என்று தமிழ். நான் எழுதி வைத்த நோட்டை அவளால் படிக்க முடியாது, தமிழ் எழுத்துத் தெரியாது.

ரேஷனில் அரிசி தீர்ந்த அந்த வாரம் நானும் அவரும் சப்பாத்தி தின்றுவிட்டு, இருந்த அரிசியை அவளுக்கு மட்டும் ஒதுக்கினோம். நான் எண்ணி எண்ணிப் போட்ட சோற்றை, புதன்கிழமை சாயங்காலம் அவள் அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். "பூக் நஹி, அம்மா. பசியில்ல."

வியாழக்கிழமையும் பசியில்லை. தலை பின்னும்போது பார்த்தேன், முகம் வெளிறிக் கிடந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். உள்ளே மூன்று புண்.

"ஏட்டி, வெளிய என்ன திங்க?"

சீப்பைக் கீழே போட்டேன். அவளே சொன்னாள். பள்ளிக்கூடத்தில் சிநேகிதியின் டப்பாவிலிருந்து பூரி. இரண்டு மாதமாக, தினமும்.

"ஒண்ணும் ஆகலையே அம்மா! எல்லாரும் சாப்பிடுறாங்க, நான் மட்டும் தனியா சோறு திங்கிறேன். எந்த டாக்டரோ சொன்னாங்க, எப்பவோ! நீ சும்மா டர்போக் அம்மா."

டர்போக் என்றால் பயந்தாங்கொள்ளி. அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கிய கையோடு உட்கார்ந்துவிட்டேன். பதின்மூன்று வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். உனக்கு ஓர் அண்ணன் இருந்தான், சண்முகம் என்று பேர், உன்னைப் போலவே வயிறு ஊதிச் செத்துப்போனான், அவனுக்கு இது என்ன என்று எங்களுக்குத் தெரியாது.

கீழே கிடந்த சீப்பை எடுத்து வைத்தாள். பிறகு கேட்டாள்: "அவனுக்கு யாரு ஊட்டினது?"

"நாந்தான்."

அவள் தட்டை இழுத்து, ஆறிப்போன சோற்றைப் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் தின்றாள்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் காலைப் பிரார்த்தனை வரிசையில் மயங்கி விழுந்துவிட்டாள். புதிய டாக்டர், சின்ன வயது ஆண்பிள்ளை, கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து, ரத்தமில்லை என்று ஒரு டானிக் எழுதினார். கோதுமையைப் பற்றி நான் சொன்னதைப் பாதிதான் கேட்டார். இனிப்பாக இருந்தது டானிக். மூன்று நாள், வேளைக்கு இரண்டு ஸ்பூன், நானே ஊற்றிக் கொடுத்தேன். வயிறு இன்னும் மோசமாகியது. பூரியின் மிச்சம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஸ்பூனை வாயருகில் கொண்டுபோனேன். வள்ளி என் கையைத் தடுத்து, பாட்டிலை வாங்கி, ஒட்டியிருந்த இங்கிலீஷ் எழுத்தைப் படித்தாள். "அம்மா, மால்ட்னு போட்டிருக்கு. மால்ட்னா பார்லிய முளைக்க வச்சுச் செய்றது. சயின்ஸ் மிஸ் சொல்லியிருக்காங்க."

ஸ்பூனிலிருந்து மருந்து என் புடவையில் கொட்டியது. மறுபடியும் நான்தான், என் கையால்தான்.

"அழாத. வா, டாக்டர்ட்ட போவோம். நான் பேசுறேன். நீ பக்கத்துல நில்லு, போதும்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவள் நின்றுகொண்டே இந்தியில் பேசினாள். அழுத்தமாக, தடுமாறாமல் பேசினாள். டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். இதெல்லாம் உனக்கு யார் சொன்னது, இந்த வியாதி வேறு யாருக்காவது வீட்டில் வந்திருக்கிறதா என்று கேட்டார்.

"மேரே பையா கோ" என்றாள் வள்ளி. என் அண்ணனுக்கு.

டாக்டர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை முழுதும் கேட்டார். டானிக்கை அடித்துவிட்டு மாத்திரை எழுதினார், அதில் என்ன சேர்த்திருக்கிறது என்று மருந்து கட்டுபவரைக் கூப்பிட்டு விசாரித்த பிறகே கொடுத்தார். ஆறு மாதம் ஆகலாம் என்றார், சீராகும் என்று மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

திரும்பி வரும்போது பாலத்தில் காற்று பலமாக இருந்தது. கப்பல் கிளம்பிவிட்டது, வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்று படகுத்துறையில் பேசிக்கொண்டார்கள். பானையில் மூன்று நாளைக்கு அரிசி இருந்தது. வள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படிப் பிடித்ததில்லை.

பாதிப் பாலத்தில் கேட்டாள். "அண்ணனுக்கு எது ரொம்பப் பிடிக்கும்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாழைப்பழம் என்றிருக்கலாம்.

"ரஸ்க்" என்றேன். "பால்ல நனைச்சுக் குடுத்தா ரெண்டு கையையும் நீட்டுவான்."

அவள் பிடித்த கையை விடவில்லை. வீடு வரைக்கும் அப்படியே நடந்தோம்.